எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் வண்டியில் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் குப்பைக் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி எழுகிறது: "எல்லை தாண்டினால் கேரளத்துப் பாறசாலையில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்கிச் சமாளிக்கிறார்கள், நம்மூரில் மட்டும் ஏன் கட்டுப்படியாகவில்லை?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் இரண்டு பக்கமும் 50 ரூபாய்க்கு ஒரே வேலையா நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

கேரளத்தில் ஹரித கர்ம சேனா என்ற குப்பை சேகரிப்புக் குழுவின் பெண்கள் வீட்டிலிருந்து எடுப்பது மக்காத குப்பையை மட்டும். பஞ்சாயத்து வீடுகளுக்கு 50, நகராட்சி வீடுகளுக்கு 70, கடைகளுக்குக் குறைந்தது 100 என்று கட்டணம். கவரைக் கழுவிக் காயவைத்துக் கட்டி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான பஞ்சாயத்துகளில் மாதம் ஒருமுறைதான் வருவார்கள். மீன் செதிளும் சோற்றுக் கழிவும் வீட்டுக்காரர் பாடு: வீட்டிலேயே உரமாக்கும் பயோபின்னோ, பைப் கம்போஸ்டோ, தென்னை மூடோ, எதுவானாலும் அவரவர் விளைக்குள் (வீட்டுத் தோட்டத்துக்குள்) முடிய வேண்டும். நம் பக்கம் பேட்டரி வண்டி தினமும் வருகிறது, மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் எடுக்கிறது. ஒரு தடவை வருவதற்கு 50 ரூபாய் வாங்குகிறவரையும் 26 தடவை வருவதற்கு 50 ரூபாய் வாங்குகிறவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு தூய்மைப் பணியாளருக்கு நாள் கூலி 600 வீதம் 1,200. சார்ஜ், டயர், பேட்டரித் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு 200. ஆக நாளுக்கு 1,400 ரூபாய். சந்தைப் பக்கம் நெருக்கமான வீடுகள் என்றால் அந்த வண்டி 200 வீடு ஏறி இறங்கும். ஒரு தடவைக்கு வீட்டுக்கு 7 ரூபாய். மேட்டிலும் பள்ளத்திலும் விளைக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் நம் ஊர்ப்புறத்தில் 120 வீடு பார்த்தாலே பெரிது. அங்கே ஏறக்குறைய 12 ரூபாய். மாதம் 26 நாள் போனால் நெருக்கமான இடத்தில் வீட்டுக்கு 182, சிதறிய இடத்தில் 303. வாரம் ஒருமுறை மட்டும் போனால் 28, 47. அந்த வீட்டுக் குப்பை அரைக் கிலோவா இரண்டு கிலோவா என்பதால் இந்தத் தொகை அசைவதே இல்லை. காசு போவது நடைக்கு.

ஆகவே சிதறிய வார்டுகளில் செலவைக் குறைக்கக் கட்டணத்தில் கைவைக்கும் முன், போகும் நாளைக் குறைக்க வேண்டும். மக்காத குப்பைக்கு வாரம் ஒரு நாள், நாப்கினும் டயப்பரும் தனிப் பையில் வாரம் இரண்டு நாள். மக்கும் குப்பை விளையிலேயே உரக்குழிக்குப் போகட்டும். உரக்குழி போட இடமில்லாத லைன் வீடுகளுக்கும் மாடிக் குடியிருப்புகளுக்கும் மட்டும் தினசரி வண்டி. இப்படி வார்டு வாரியாகப் பிரிக்காமல் ஊர் முழுக்க ஒரே கட்டணம், ஒரே சேவை என்று வைத்தால், தென்னந்தோப்புக்காரர் எடுக்காத குப்பைக்கும் பணம் கட்டுகிறார், சந்தைக் கடைக்காரர் போடும் குப்பையின் செலவில் ஒரு பங்கும் அவர் தலையில் ஏறுகிறது. 

பல நகராட்சிகளில் இந்தக் குப்பைக் கட்டணத்தைப் பயனாளர் கட்டணம் என்ற பெயரில் சொத்து வரியோடு சேர்த்து அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார்கள். வசூல் செலவு மிச்சம், பாக்கியும் குறைவு, ஆகவே நிர்வாகத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் தரம் பிரித்துக் கொடுத்தவருக்கும் கலந்து வீசியவருக்கும் அங்கே ஒரே ரசீது. குப்பையைக் குறைக்க அந்தக் கட்டணம் எதுவும் செய்யாது. வருமானத்துக்கு ஒரு வழி என்று மட்டும் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

"அப்படியானால் வெளிநாடு மாதிரி பைக்கு இவ்வளவு என்று வாங்கலாமே" என்று படித்தவர்கள் சிலர் யோசனை சொல்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் 1992-ல் பைக்கு 80 சென்ட் என்று வைத்தார்கள். ஆய்வு செய்தவர்கள் வீடுகளின் குப்பையை எடைபோட்டே பார்த்தார்கள். குப்பையின் கொள்ளளவு 37 சதவீதம் குறைந்தது. எடையோ 14 சதவீதம்தான் குறைந்தது. மக்கள் பையை மிதித்து அமுக்கிக் கட்டினார்கள் என்பதுதான் விஷயம். அந்தக் குறைவிலும் கால் பங்குக்கு மேல் ரகசியமாக வேறெங்கோ கொட்டப்பட்டிருக்கலாம் என்றும் அவர்களே கணித்தார்கள். தென்கொரியா 1995-லும் தைபே நகரம் 2000-லும் பைக் கட்டணத்தில் வெற்றி கண்டது உண்மை. தைபேயில் தெருத்தொட்டியை எடுத்துவிட்டு, குறித்த நேரத்துக்கு வரும் லாரியில் வீட்டுக்காரரே வந்து போடும்படி செய்தார்கள். பை விலை அதற்குப் பிறகுதான் வேலை செய்தது. நம் ஊரில் சானல் (பாசனக் கால்வாய்) கரை பக்கத்திலேயே இருக்கிறது, ரப்பர் தோட்டம் இருக்கிறது, ராத்திரி இருட்டும் இருக்கிறது. பைக்கு 5 ரூபாய் வைத்த மறுவாரமே சானல் மதகில் கவர் அடைத்து நிற்கும். அதை அள்ளப் பொக்லைன் வாடகைக்கு எடுத்தால், ஒரு மணி நேர வாடகை எத்தனை பையின் வசூலை விழுங்கும் என்று கூட்டிப் பார்க்கலாம். வீடுகளுக்குப் பைக் கணக்கு வேண்டாம், அந்தந்த வார்டின் சேவைக்கேற்ற நிலையான மாதத் தொகைதான் நமக்குச் சரி என்பது எங்கள் முடிவு.

விலையை மாற்ற வேண்டிய முதல் இடம் ஒப்பந்தம். குப்பை அள்ளி உரக்கிடங்கில் சேர்க்க டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால் டன் வரும்; ஊர் சுத்தமாகும் என்று உறுதி கிடையாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மூடாத வண்டியில் நனைந்த குப்பை எடைமேடை ஏறும்போது தண்ணீருக்கும் நகராட்சியே பணம் கொடுக்கிறது. இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும், வாய்க்கால் தூர்வாரிய சேறும் அடியில் போய் உட்காரும். தெர்மகோலும் கவரும் இடத்தை அடைக்கும், எடை தராது. ஆகவே அவை தெரு முனையிலேயே நிற்கும், அல்லது எரியும். வெறும் வண்டியின் எடையை வருடத்துக்கு ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு அதையே கழிப்பது இன்னொரு ஓட்டை: ஸ்டெப்னி டயரும் கருவிப்பெட்டியும் இறக்கிவிட்டு எடைபோட்டு, வெறும் வண்டி எடையில் 100 கிலோ குறைந்தால், ஒவ்வொரு நடைக்கும் அந்த 100 கிலோ குப்பையாக எண்ணப்படும். நாளுக்கு நான்கு நடை, வருடத்துக்கு 300 நாள் என்றால் 120 டன், ஒரு கவர்கூட அள்ளாமலே.

இதற்கு மாற்று சிக்கலானது அல்ல. அள்ளும் வேலைக்கு, வண்டி நின்ற வீட்டுக் கணக்கில் மாதம் ஒரு நிலையான தொகை. வாசலில் ஒட்டிய கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்தால் கணக்கு வந்துவிடும். அதற்கு மேல் தரமான பொருள் எடைக்கு ஊக்கத்தொகை: அமுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பொதி (பேல்), அட்டை, சலித்த உரம். கலந்து வந்து கடைசியில் ஒதுங்கும் கழிவுக்குப் பிடித்தம். கேரள அரசின் க்ளீன் கேரளா கம்பெனி உள்ளாட்சிகளோடு நடத்தும் கொடுக்கல் வாங்கலில் இந்தச் சூத்திரம்தான் இருக்கிறது. தரம் பிரித்துக் கொடுத்த பிளாஸ்டிக்குக் கம்பெனி பணம் தருகிறது. பிரிக்காமல் அழுக்கோடு கொடுத்தால் அதை அப்புறப்படுத்த உள்ளாட்சிதான் பணம் கட்ட வேண்டும். அதே பால் கவர் ஒரு கையில் வரவு, மறு கையில் செலவு. பிரிக்கும் ஷெட்டில் இன்னும் நாலு பேரை உட்காரவைப்பது லாபமா நஷ்டமா என்று அங்கே சட்டென்று தெரிந்துவிடுகிறது.

உரத்துக்கு வருவோம். நுண் உர மையத்துக்குப் போன மக்கும் குப்பை எத்தனை டன் என்று எழுதுகிறார்கள், எவ்வளவு உரம் வந்தது என்று எழுதுவது அரிது. நல்ல மக்கும் குப்பை 100 கிலோ போட்டால் 45 முதல் 60 நாளில் 20 கிலோ சுமாருக்கு உரம் கிடைக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் சல்லடையில் 90 சதவீதமாவது இறங்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்குச் சொல்லியிருக்கும் அளவு. மாதம் 30 டன் உள்ளே போனதாகப் பதிவு இருந்து, இரண்டு மாதம் கழித்து 6 டன் உரம் கண்ணில் படவில்லை என்றால், போனது மக்கும் குப்பை இல்லை, அல்லது போகவே இல்லை. இந்த ஒரு கழித்தல் கணக்குக்கு எந்த நிபுணரும் வேண்டாம். ஆனால் இதை மன்றக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை; தெருவிளக்குப் பிரச்சினையிலேயே நேரம் போய்விடுகிறது.

அளந்து வாங்க வேண்டிய இடம் ஓட்டல், கல்யாண மண்டபம், மீன் சந்தை, கோழிக்கடை. சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குவோரைப் பெருமளவுக் கழிவாளர் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தனியாகப் பிரித்தன. இவர்களுக்குத் தொட்டிக் கணக்கில் விலை வைப்பது எளிது. சாப்பாட்டுக் கழிவுக்கு 120 லிட்டர் தொட்டிதான் வேண்டும். நிறைந்தால் 60, 70 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். 240 லிட்டர் தொட்டியில் சாம்பாரும் சோறும் நிரப்பினால் சக்கரம் உடையும், இல்லையென்றால் பணியாளரின் இடுப்பு உடையும். அந்தப் பெரிய தொட்டி அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் போதும்.

பணம் வாங்கும் முறையில்தான் பெரும்பாலான ஊர்கள் தடுக்கி விழுகின்றன. வண்டிக்காரர் நோட்டில் எழுதி மாதக் கடைசியில் பில் போட்டால், இரண்டு தொட்டி ஒன்றாக எழுதப்படும். டீ காசு நடுவில் கைமாறும். அதற்குப் பதில் நகராட்சி அலுவலகத்தில் முன்பணம் கட்டி எண் போட்ட பட்டை வாங்க வேண்டும். கைப்பிடியில் பட்டை கட்டியிருந்தால் தொட்டி தூக்கப்படும், இல்லையென்றால் நிற்கும். தூக்கியவர் பட்டையை அறுத்துக் கொண்டுவந்து ஷெட்டில் கொடுப்பார். இறங்கிய தொட்டியும் வந்த பட்டையும் தினமும் ஒத்துப்போக வேண்டும். பிரித்த மக்கும் கழிவுக்குப் பச்சைப் பட்டை 100 ரூபாய் என்றால் கலந்ததற்குச் சிவப்புப் பட்டை 300 ரூபாயாவது இருக்கட்டும். ஒன்றரை மடங்கு வித்தியாசத்துக்காக யாரும் சமையல்கட்டில் இரண்டாவது வாளி வைக்கமாட்டார்கள். தொட்டி மூடிக்குப் பூட்டும் போடவேண்டும். இல்லையென்றால் பக்கத்துக் கடைக் குப்பை இரவில் இதில் வந்து விழும், காலையில் சண்டை.

கல்யாண மண்டபங்களுக்கு இன்னும் சுலபம். இலையும் மிச்சமும் தலைக்குக் கால் கிலோ என்று குறைத்துப் போட்டாலும் 1,000 பேர் பந்திக்கு 250 கிலோ, ஏறக்குறைய நான்கு தொட்டி. மண்டபம் பதிவு செய்யும்போதே நான்கு பட்டைக்கான பணத்தையும் ஒரு வைப்புத்தொகையையும் வாங்கிவிட்டு, இலை தனி, தண்ணீர் பாட்டில் தனி என்று இருந்தால் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்த காசு திரும்ப வரும் என்றால் மனிதன் எப்படி மாறுகிறான் என்பதற்கு நீலகிரி சாட்சி. அங்கே 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கும் திட்டம் வந்தது. காட்டு ஓரத்தில் உடைந்து கிடந்த பாட்டில் கடைக்கு நடந்து வந்தது அந்தப் பத்து ரூபாயால்தான்.

இனி எல்லைக்கு வருவோம். களியக்காவிளையில் கோழிக்கழிவு வண்டி பிடிபட்டால் செய்தி வருகிறது, பின் ஓய்கிறது. கழிவு ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்பதற்கு விலையில்தான் பதில். கேரளத்தில் கோழிக்கழிவை வேகவைத்துக் கொழுப்பும் புரதப் பொடியும் எடுக்கும் ரெண்டரிங் ஆலைகள் உண்டு. கடைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அவர்களிடம் கொடுக்க வேண்டும். தரகர் ஒருவர் அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு எடுத்துப் போகிறேன் என்பார். ஆலைக்குக் கட்டும் செலவு இல்லாததால், கிலோவுக்கு 3 ரூபாய் அவர் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 டன் ஏற்றினால் 6,000. போக வர 80 கிலோமீட்டருக்கு டீசல் 760, டிரைவருக்கு 1,000. மீதி 4,240. பிடிபட்டால் 25,000 அபராதம் என்றும் 20 நடையில் ஒருமுறை பிடிபடுவார் என்றும் போட்டால், நடைக்கு 1,250தான் விழுகிறது. அதன் பிறகும் ஏறக்குறைய 3,000 ரூபாய் லாபம். அபராதம் அவருக்கு டோல்கேட் மாதிரி. வண்டியையே பறிமுதல் செய்தால் கணக்கு தலைகீழாகும். 5 லட்சம் ரூபாய் வண்டி போனால் நடைக்கு 25,000. அதனால்தான் பிறர் பெயரில் இருக்கும் ஓட்டை வண்டியாகப் பார்த்து எடுக்கிறார்கள்.

தரகர் கழிவை இந்தப் பக்கத்துப் பன்றிப் பண்ணையில் இறக்கினால், பண்ணைக்காரர் பன்றி தின்பதை எடுத்துக்கொள்வார். இறகும், கட்டி வந்த கவரும் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் விழும். அதை அள்ளுவது நம் பஞ்சாயத்தின் தூய்மைக் காவலர். அங்கே கடைக்காரர் கட்டாமல் மிச்சப்படுத்திய பணம் இங்கே நம் பஞ்சாயத்துச் செலவாக எழுதப்படுகிறது.

நம் பக்கத்துக் கடைகளும் யோக்கியம் இல்லை. அதே தரகர்தான் இங்கும் எடுக்கிறார். இதற்கு ஒரு காரணம் கடையில் ஐஸ் வசதி இல்லாதது. நம் வெப்பத்தில் கோழிக்குடல் நாலைந்து மணி நேரத்தில் கெட்டுவிடும். கெட்டதை ரெண்டரிங் ஆலை வாங்காது. கொழுப்பு புளித்து எண்ணெயின் தரம் போய்விடும். கடையில் டீப் ஃபிரீசர் இல்லாவிட்டால் சாயங்காலக் கழிவு தரகருக்குத்தான். ஆகவே உரிமம் கொடுக்கும்போது கழிவுக்கென்று தனி ஃபிரீசர் கட்டாயம் என்று எழுதுவது, பத்துத் தடவை சோதனை போடுவதைவிட மேல்.

கள்ளக் கணக்கைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. உயிர்க்கோழி 100 கிலோ வெட்டினால் இறகு, குடல், தலை, கால் எல்லாம் சேர்ந்து சுமார் 30 கிலோ கழிவு. தோல் உரித்து விற்றால் இன்னும் கூடும். கடை மாதம் 3 டன் கோழி வாங்கியதற்குப் பில் இருந்தால், ஏறக்குறைய 900 கிலோ கழிவு ஆலைக்குப் போனதற்கு ரசீது இருக்க வேண்டும். 200 கிலோவுக்குத்தான் ரசீது என்றால் மீதி 700 கிலோ எந்தச் சானலில் போனது என்று கடைக்காரரைக் கேட்கலாம். உரிமம் புதுப்பிக்கும் மேசையிலேயே முடியும் இந்தச் சோதனை. இரு மாநில எல்லை உள்ளாட்சிகளும் இதே கணக்கை வைத்துக்கொண்டால், ராத்திரி சாவடியில் டார்ச் அடிக்கும் வேலை பாதி குறையும்.

மருத்துவக் கழிவிலும் இதே கதைதான், ஆபத்து மட்டும் அதிகம். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பின் கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. மருத்துவக் கழிவு கொட்டுவோரைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவரத் தமிழகம் 2025-ல் திருத்தமும் செய்தது. தண்டனை வேண்டியதுதான். ஆனால் கட்டணம் வசூலிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். பல மருத்துவமனைகளின் கழிவை எடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் படுக்கைக்கு இவ்வளவு என்று வாங்கினால், தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் எவ்வளவு போட்டாலும் மருத்துவமனைக்கு ஒரே செலவு. பேப்பர் கப்பும் அதில் விழும், எரிக்கும் செலவு ஏறும். கிலோவுக்கு இவ்வளவு என்றால் நேர்மாறு: ரத்தம் தோய்ந்த பஞ்சு பொதுக்குப்பையில் ஒளியும். மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 85-க்குள் ஒளிந்த பஞ்சும் ஊசியும், குறைந்த விலை சொன்ன ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏறி ஊர் சுற்றும். படுக்கைக்கு நிலையான தொகை, அதற்குள் ஒரு எடை வரம்பு, வரம்பு மீறினால் மட்டும் கிலோக் கட்டணம் என்பதே நடுவழி. படுக்கை எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு எடை குறைவாக வரும் மருத்துவமனையையும் போய்ப் பார்க்க வேண்டும். குறைவாக வந்தால் பாராட்டுப் பத்திரம் கொடுக்கும் பழக்கம் இந்த விஷயத்தில் வேண்டாம்.

பட்ஜெட் கூட்டங்களில் கட்டண உயர்வுத் தீர்மானம் வந்தால் உறுப்பினர்கள் நான்கு பதிவேட்டை மேசைக்குக் கேட்கலாம்: நடைக்கு நடை வெறும் வண்டி எடை எழுதிய எடைமேடைப் பதிவேடு, சலித்த உரத்தின் இருப்புப் பதிவேடு, ஓட்டல், மண்டபங்களின் தொட்டிக் கணக்கு, கோழிக்கடைகளின் கழிவு ரசீதுக் கோப்பு. நான்கில் மூன்று இல்லை என்றால் வீட்டுக்காரரிடம் கூடுதலாகப் பத்து ரூபாய் கேட்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாம்.

இப்படிக்கு,
திடக்கழிவுப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
களியக்காவிளை வட்டாரம், குமரி மாவட்டம்.